வாசகர் கேள்வி–பதில்: முட்டிய மாடு, ஓடிவந்த அடிமை, பொழுது சாயுமுன் கூலி

யூதர்களின் பழைய வேதம், அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று படிக்கும் தொகுதி, அறத்தில் தன் காலத்தைத் தாண்டி நின்றதா என்று நீலகிரி வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழின் பக்கங்கள் அதற்கே. நூல்களின் பெயர்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி உள்ளன. கத்தோலிக்க வாசகர்கள் யாத்திராகமத்தை விடுதலைப் பயணம் என்றும், உபாகமத்தை இணைச்சட்டம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். சில பதிப்புகளில் வசன எண் ஒன்று முன்பின்னாக இருக்கும்.

பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள் அந்தக் காலத்துக்கு மிகவும் முற்போக்கானவை என்கிறார் எங்கள் ஆயர். 'அந்தக் காலத்துக் காட்டுமிராண்டித்தனம்தான் அதிலும் இருக்கிறது' என்கிறான் கல்லூரிக்குப் போகும் பேரன். எந்தப் பக்கம் சாய்வது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்)

எந்தப் பக்கமும் சாய வேண்டாம். முழு வேதத்துக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போடப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு வழக்கை எடுங்கள். அதே வழக்குக்கு அக்கம்பக்கத்து நாடுகளில் என்ன தீர்ப்பு என்று பாருங்கள். விடை வழக்குக்கு வழக்கு மாறும்.

முட்டிக் கொன்ற மாட்டின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் மூன்று சட்டத் தொகுப்புகளில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வருகிறது. மெசபடோமியாவின் (இன்றைய ஈராக் பகுதி) எஷ்நுன்னா நகரச் சட்டம் கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு மாடு இன்னொரு மாட்டை முட்டிக் கொன்றால் உயிரோடுள்ள மாட்டின் விலையையும் செத்த மாட்டையும் இரு உரிமையாளரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. யாத்திராகமம் 21:35 அப்படியே அதைத்தான் சொல்கிறது. சொந்தச் சரக்கு இல்லை, அந்த வட்டாரத்தின் பொதுச் சொத்து.

மாடு மனிதனைக் கொன்றால் பாதை பிரிகிறது. முட்டும் மாடு என்று ஊரார் எச்சரித்தும் கட்டிவைக்காதவன், எஷ்நுன்னாவில் மூன்றில் இரண்டு மினா வெள்ளி, பாபிலோன் மன்னன் ஹமுராபியின் சட்டத்தில் அரை மினா வெள்ளி கட்டிவிட்டுப் போகலாம். மினா என்பது 60 சேக்கல், ஏறக்குறைய அரைக் கிலோ. மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. யாத்திராகமம் 21:28 முதல் 32 வரை படித்தால், முதல் தடவை முட்டிய மாடாக இருந்தாலும் அதைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும், இறைச்சியைத் தின்னக் கூடாது. எச்சரிக்கப்பட்ட உரிமையாளனுக்கு மரண தண்டனை, கேட்கிற மீட்புப் பணத்தைக் கொடுத்துத் தப்பவும் வழி உண்டு. மனித உயிர் போனதை வெறும் நஷ்டக் கணக்காக முடிக்க மனமில்லாத சட்டம் இது. ஆனால் அடுத்த வரியிலேயே, செத்தவர் அடிமை என்றால் எஜமானுக்கு 30 சேக்கல் கொடுத்தால் போதும் என்று வருகிறது. ஆயருக்கு ஒரு வசனம், பேரனுக்கு ஒரு வசனம்.

(கோத்தகிரிச் சாலையில் வந்து நிற்கும் காட்டுமாட்டுக்கு இது பொருந்தாது. இது உரிமையாளன் உள்ள மாட்டைப் பற்றிய சட்டம்.)

பத்துக் கட்டளைகள்தான் உலகின் முதல் சட்டமா?
(வாசகி, கேத்தி)

இல்லை. கிடைத்தவற்றில் பழையது சுமேரியாவின் ஊர்-நம்மு சட்டம், கி.மு. 2100ஐ ஒட்டியது. ஹமுராபி கி.மு. 1750 வாக்கில். மோசேயின் காலத்தை மரபுப்படி எவ்வளவு முன்னால் வைத்தாலும் இவை இரண்டும் அதற்கு முந்தியவை. உபாகமத்தின் சட்டப் பகுதியை ஆய்வாளர்கள் பலர் யூதா நாட்டு யோசியா அரசன் காலத்தோடு, கி.மு. 7ஆம் நூற்றாண்டோடு, இணைக்கிறார்கள்.

'கண்ணுக்குக் கண்' என்பது பழிவாங்கலுக்கு வரம்பு போட்ட பெரிய முன்னேற்றம் என்று சட்டக் கல்லூரி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
(சட்ட மாணவர், ஊட்டி)

பரவலாகச் சொல்லப்படுகிறது, ஆனால் கால வரிசை ஒத்துழைக்கவில்லை. பழைய ஊர்-நம்மு சட்டத்தில் உடல் காயத்துக்குப் பணம்தான் தண்டனை. ஒருவன் பாதத்தை வெட்டினால் 10 சேக்கல் வெள்ளி, மூக்கை அறுத்தால் மூன்றில் இரண்டு மினா. கண்ணுக்குக் கண் என்பது அதற்குச் சுமார் 350 ஆண்டுகள் கழித்து ஹமுராபியிடம் வருகிறது. பழிவாங்கலிலிருந்து பணத்துக்கு என்று நேர்க்கோட்டில் நகரவில்லை வரலாறு.

வித்தியாசத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். ஹமுராபியின் 196ஆம் சட்டத்தில் கண்ணுக்குக் கண் என்பது மேல்தட்டு மனிதனின் கண்ணுக்கு மட்டும். கீழ்த்தட்டுக் குடிமகன் கண் போனால் ஒரு மினா வெள்ளி, அடுத்தவன் அடிமையின் கண் போனால் அவன் விலையில் பாதி. நம் பழைய ஸ்மிருதிகளில் வருணத்துக்கு ஒரு அபராதம் இருப்பதைப் படித்தவர்களுக்கு இந்தப் படிக்கட்டு புதிதாக இருக்காது. யாத்திராகமம், லேவியராகமம், உபாகமம் மூன்றிலும் சுதந்திரக் குடிமக்களுக்குள் இந்தப் படிக்கட்டு இல்லை. லேவியராகமம் 24:22 அந்நியனுக்கும் சுதேசிக்கும் ஒரே நியாயம் என்று தனியாகவே எழுதிவைக்கிறது. அடிமையின் கண்ணுக்காக எஜமானின் கண்ணைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் எஜமானே தன் அடிமையின் கண்ணையோ ஒரே ஒரு பல்லையோ உடைத்தால் அவனை விடுதலை செய்து அனுப்ப வேண்டும் (யாத்திராகமம் 21:26–27). ஹமுராபியிடம் சொந்த அடிமையை அடித்து ஊனமாக்கிய எஜமானுக்கு ஒரு தண்டனையும் காணோம். 'நீ என் எஜமான் இல்லை' என்று சொன்ன அடிமையின் காதை அறுப்பதுதான் அவருடைய கடைசிச் சட்டம், 282.

இன்னொன்றும் உண்டு. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் மகன் செத்தால் கொத்தனாரின் மகனைக் கொல் என்கிறார் ஹமுராபி (230). உபாகமம் 24:16 பிள்ளைக்காகத் தகப்பனையோ தகப்பனுக்காகப் பிள்ளையையோ கொல்லக் கூடாது என்கிறது. ஆனால் யோசுவா 7இல் ஆகான் திருடியதற்கு அவன் பிள்ளைகளும் கல்லெறியப்படுகிறார்கள். சட்டமும் கதையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஒரே தொகுதிக்குள் இருக்கின்றன.

கி.பி. 200 வாக்கில் யூத ரபிகளின் சட்ட விளக்கங்களாகத் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் கண்ணுக்குக் கண் பணமாகிவிட்டது. காயப்படுத்தியவன் ஐந்து தலைப்பில் கட்ட வேண்டும்: உறுப்பிழப்பு, வலி, வைத்தியச் செலவு, வேலை போன நாட்கள், அவமானம். உறுப்பிழப்பைக் கணக்கிட, காயப்பட்டவன் அடிமைச் சந்தையில் விற்கப்பட்டால் காயத்துக்கு முன் என்ன விலை, பின் என்ன விலை என்று பார்த்து வித்தியாசத்தை எடுத்தார்கள். இன்றைய விபத்து இழப்பீட்டு வழக்குகளில் நீங்கள் படிக்கும் தலைப்புகளுக்கு இவை வெகு தூரமில்லை.

அடிமைகளை விடுவிக்கச் சொன்ன முதல் வேதம் இதுதான் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவன் என்பதால் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
(தொழிற்சங்க ஊழியர், கூடலூர்)

கேள்வியை மூன்றாகப் பிரித்தால்தான் பதில் வரும்: கடனுக்காக அடிமையானவன், வாங்கப்பட்ட அந்நிய அடிமை, ஓடிப்போன அடிமை.

கடன் அடிமைக்கு யாத்திராகமம் 21:2 ஆறு ஆண்டு கெடு வைக்கிறது, ஏழாம் ஆண்டு விடுதலை. ஹமுராபியின் 117ஆம் சட்டம் கடனுக்காக அடகுபோன மனைவி மக்களை மூன்று ஆண்டில், நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில், விடச் சொல்கிறது. கெடுவை மட்டும் பார்த்தால் பாபிலோன் முந்துகிறது. உபாகமம் 15:13–14 ஒரு படி ஏறி, விடும்போது வெறுங்கையாய் அனுப்பாதே, ஆட்டுமந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் அள்ளிக் கொடு என்கிறது. அனுபவம் பேசுகிற விதி இது. கையில் ஒன்றுமில்லாமல் வெளியே வந்தவன் அடுத்த பருவத்திலேயே மறுபடி கடன் வாங்கி மறுபடி அடிமையாவான்.

அந்நிய அடிமைகளில் சமாதானம் சொல்ல இடமில்லை. லேவியராகமம் 25:44–46 அவர்களை வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போகலாம் என்கிறது. யாத்திராகமம் 21:21, அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து செத்தால் எஜமானுக்குத் தண்டனையில்லை என்கிறது, 'அவன் இவனுடைய பணம்' என்று காரணமும் சொல்லி. அக்கம்பக்கத்து நாடுகளை விட இது மேல் என்று சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் எடுப்பாக நிற்கிறது. ஓடிவந்த அடிமையை வீட்டில் ஒளித்துவைத்தவனுக்கு ஹமுராபி மரண தண்டனை கொடுக்கிறார் (16). எகிப்தின் இரண்டாம் ராம்செஸும் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் மன்னரும் கி.மு. 1259 வாக்கில் செய்த உடன்படிக்கையில் ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்பும் ஷரத்துகள் உண்டு. உபாகமம் 23:15–16 நேர் எதிர்: உன்னிடம் தப்பிவந்த அடிமையை எஜமானிடம் ஒப்புக்கொடுக்காதே, உன் ஊர்களில் அவனுக்குப் பிடித்த இடத்தில் இருக்கட்டும், அவனை ஒடுக்காதே. வெளிநாட்டிலிருந்து ஓடிவருபவனுக்கு மட்டும் இது பொருந்தும் என்று படிப்பவர்கள் உண்டு. அப்படியே வைத்தாலும் அந்த வட்டாரச் சட்டங்களில் இதற்கு ஜோடி கிடைக்கவில்லை.

எவ்வளவு முந்தியது என்பதை நம் மலையிலேயே அளக்கலாம். 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டப்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போன தொழிலாளியை மாஜிஸ்திரேட் திரும்ப வேலைக்குப் போகச் சொல்லலாம், மறுத்தால் மூன்று மாதம் வரை சிறையில் போடலாம். தென்னிந்திய மலைத் தோட்டங்களில் இதைத் தாராளமாகவே பயன்படுத்தினார்கள். அது ரத்தானது 1925இல். அமெரிக்காவில் 1850இல் ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் வந்தபோது அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் உபாகமம் 23ஐ எடுத்துக்காட்டினார்கள். ஆதரவாளர்கள் லேவியராகமம் 25ஐ எடுத்துக்காட்டினார்கள்.

எழுதியது நடந்ததா என்றும் நீங்கள் கேட்பீர்கள். எரேமியா 34 படியுங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருந்த நேரம், சிதேக்கியா அரசன் காலத்தில், பயந்துபோய் எல்லாரும் அடிமைகளை விட்டுவிட்டார்கள். முற்றுகை சற்றுத் தளர்ந்ததும் அதே ஆட்களைத் திரும்பப் பிடித்துவந்தார்கள். நம் முன்னோர் இந்தச் சட்டத்தைக் கேட்கவே இல்லை என்று தீர்க்கதரிசி அங்கே ஒப்புக்கொள்கிறார்.

கிழங்கு தோண்டி முடித்த வயலில் விடுபட்டதைப் பொறுக்கிக்கொள்ள விடுவது எங்கள் வீட்டு வழக்கம். பைபிளிலும் அப்படி ஒரு விதி உண்டென்று கேள்விப்பட்டேன். கூலி பற்றியும் ஏதாவது இருக்கிறதா?
(சிறு விவசாயி, கோத்தகிரி)

இருக்கிறது, நுணுக்கமாகவே இருக்கிறது. லேவியராகமம் 19:9–10 வயலின் ஓரத்தை முற்ற அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் என்கிறது. எவ்வளவு விட வேண்டும் என்று வேதம் சொல்லவில்லை. மிஷ்னா விளைச்சலில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்றது. எது சிந்தினது என்பதில் சண்டை வரும் அல்லவா? யூத அறிஞர் ஹில்லேலின் வழியினர் கணக்கு இது: கை தவறி ஒரே இடத்தில் இரண்டு கதிர் விழுந்தால் ஏழைக்கு, மூன்று விழுந்தால் உரிமையாளனுக்கு. ஏழைகள் வயலுக்கு வர நாளில் மூன்று வேளை உண்டு: காலை, உச்சி, சாயங்காலம். ஓரத்தை அறுக்க வருபவர் அரிவாள் கொண்டுவரக் கூடாது, மண்வெட்டி போட்டுப் பிடுங்கவும் கூடாது. முண்டியடிக்கும்போது ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்கள் என்பதே காரணம். தர்மம் பேசும் நூல்கள் இந்த அரிவாள் வரை வருவது அபூர்வம்.

இதில் கவனிக்க வேண்டியது, பொறுக்குவது ஏழையின் உரிமை. உரிமையாளன் தனக்கு வேண்டியவரைக் கூப்பிட்டுக் கொடுக்க முடியாது. உங்கள் வழக்கத்தில் யார் வரலாம் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்களா, வருகிறவர் முடிவு செய்கிறாரா?

கூலிக்கு வருவோம். கூலிக்காரன் கூலி விடியுமட்டும் உன்னிடம் இருக்கக் கூடாது (லேவியராகமம் 19:13). பொழுது போகுமுன் கொடு, அவன் அதன்மேல் உயிரை வைத்திருக்கிறான் (உபாகமம் 24:15). பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்தில் பழைய சாட்சி உண்டு. அரச கல்லறைகளைக் கட்டிய தேர் எல்-மெதினா தொழிலாளர், மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆண்டில் தானியக்கூலி வராததால் வேலையைப் போட்டுவிட்டுக் கோவிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று அதைச் சொல்கிறார்கள். நம் 1936ஆம் ஆண்டு ஊதியச் சட்டம் ஆயிரத்துக்குக் குறைவான ஆட்கள் வேலை செய்த இடங்களுக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதி வரை கெடு கொடுத்தது. ஒரு ராத்திரி கூடாது என்பது எவ்வளவு நெருக்கமான கெடு என்று பாருங்கள்.

மிஷ்னா இதையும் நடைமுறைக்கு இறக்கியது. பகல் வேலைக்காரன் அன்று இரவு முழுவதும் கேட்டு வாங்கலாம், இரவு வேலைக்காரன் மறுநாள் பகல் முழுவதும். ஆள் வந்து கேட்காவிட்டால் முதலாளி மீது குற்றமில்லை. கடைக்காரரிடம் வாங்கிக்கொள் என்று கைகாட்டிவிட்டாலும் குற்றமில்லை. இந்தக் கடைசி ஓட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பது எஸ்டேட் கடையில் பற்றுவரவு வைத்த குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடகுப் பொருளுக்கும் விதி உண்டு. ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடு, போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறில்லை (யாத்திராகமம் 22:26–27). திரிகைக்கல்லை அடகாக எடுக்கவே கூடாது (உபாகமம் 24:6), மாவரைக்க முடியாதவன் எதைத் தின்பான்? மேலாடை வழக்கு ஒன்று நேரடியாகவே கிடைத்திருக்கிறது. இஸ்ரேலின் கடற்கரையில் யாவ்னே-யாம் அருகே ஒரு பழைய கோட்டையில் 1960இல் பானையோட்டில் மையால் எழுதிய மனு ஒன்று அகப்பட்டது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அறுவடைக்காரன் ஒருவன் அதிகாரியிடம் முறையிடுகிறான்: நான் அறுத்து அளந்து களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன், அப்புறமும் சோபாயின் மகன் ஓசாயா வந்து என் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள், துணியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். வேதத்தின் எந்தச் சட்டத்தையும் அவன் மேற்கோள் காட்டவில்லை. தீர்ப்பு என்ன ஆயிற்று என்பதும் ஓட்டில் இல்லை.

ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கடன் தள்ளுபடி என்ற விதி உண்மையில் வேலை செய்ததா? எங்கள் சுய உதவிக் குழுவில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது.
(மகளிர் குழு உறுப்பினர், பந்தலூர்)

கடன் தள்ளுபடி பாபிலோனில் பழைய பழக்கம். அம்மி-சதூக்கா மன்னனின் கி.மு. 1646 வாக்கிலான ஆணை கிடைத்திருக்கிறது. வாழ வழியில்லாமல் வாங்கிய தானியக் கடனும் வெள்ளிக் கடனும் ரத்து, வியாபார முதலுக்கு வாங்கியது ரத்தில்லை என்று அதில் பிரித்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம். ஆனால் எப்போது வரும் என்பது மன்னன் மனசு.

உபாகமம் 15 மன்னன் கையிலிருந்து எடுத்துக் காலண்டரில் வைத்தது. நல்லது என்று தோன்றும். ஆனால் தேதி தெரிந்துவிட்டால் ஆறாம் ஆண்டில் யார் கடன் கொடுப்பார்? அதே அத்தியாயம் 9ஆம் வசனம், தள்ளுபடி ஆண்டு நெருங்குகிறது என்று எண்ணி ஏழைக்குக் கொடுக்காமல் இருந்துவிடாதே என்று கெஞ்சுகிறது. கெஞ்சல் பலிக்கவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த ஹில்லேல், கடன் பத்திரத்தை முன்கூட்டியே நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் தள்ளுபடி அதைத் தொடாது என்று புரோஸ்புல் என்ற முறையைக் கொண்டுவந்தார். மக்கள் கடன் கொடுக்கத் தயங்கியதைப் பார்த்ததால் என்றே மிஷ்னா காரணம் எழுதுகிறது.

வட்டியிலும் இதே நிலை. ஹமுராபி காலத்து வழக்கமான வட்டி தானியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, வெள்ளிக்கு ஐந்தில் ஒரு பங்கு. வேதம் சகோதரனிடம் வட்டியே வாங்காதே என்றது, அந்நியனிடம் வாங்கலாம் என்றும் விட்டது (உபாகமம் 23:20). உங்கள் குழுவுக்கு இதில் பயன்படுகிற பாடம், தவணை முறிந்தால் என்ன செய்வது என்பதைக் கடன் கொடுப்பதற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது. எல்லாருக்கும் தெரிந்த ஒரே தள்ளுபடித் தேதியை மட்டும் வைக்காதீர்கள்.

பெண்கள் விஷயத்தில்?
(செவிலியர், அருவங்காடு)

பின்தங்கியே இருக்கிறது, அங்கங்கே விதிவிலக்குகளோடு. எகிப்தியப் பெண் தன் பெயரில் சொத்து வைத்திருந்தாள். ஹமுராபியிடம் குற்றமற்ற மனைவி கணவனை மறுத்துச் சீதனத்தோடு தகப்பன் வீட்டுக்குப் போக முடியும் (142). உபாகமம் 24:1இல் விலக்குச் சீட்டு எழுதும் கை கணவனுடையது மட்டும். அதே யூதர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தின் எலிபன்டைன் தீவில் எழுதிக்கொண்ட திருமண ஒப்பந்தங்களில் மனைவியும் சபை நடுவே எழுந்து நின்று விலகிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. ஏட்டை விட ஊர்ப் பழக்கம் முன்னே போனதற்கு உதாரணம்.

பலாத்கார வழக்கில் உபாகமம் 22:25–27, வெளியில் நடந்தால் அவள் கூப்பிட்டிருப்பாள், காப்பாற்ற ஆளில்லை என்று அவள் பக்கம் நம்புகிறது. ஹிட்டைட் சட்டமும் மலையில் நடந்தால் ஆணின் குற்றம், வீட்டில் நடந்தால் பெண்ணின் குற்றம் என்று இதையே சொல்கிறது. வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் வாய் பொத்தப்படலாம் என்பது இரண்டுக்கும் தோன்றவில்லை. அடுத்த இரண்டு வசனங்களில், நிச்சயிக்கப்படாத பெண்ணைக் கெடுத்தவன் தகப்பனுக்கு 50 வெள்ளி கொடுத்து அவளையே மணக்க வேண்டும், விலக்க முடியாது. அவளைக் கேட்பதாக எங்கும் இல்லை. குற்றவாளியின் மனைவியைப் பதிலுக்குக் கெடுக்கச் சொல்லும் மத்திய அசீரியச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இது மென்மையாகத் தெரியும். அசீரியாவுக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் மென்மைதான்.

கானான் ஊர்களில் சுவாசமுள்ள ஒன்றையும் உயிரோடு வைக்காதே என்ற கட்டளையை ராணுவத்தில் இருந்தவன் எப்படிப் படிப்பது?
(முன்னாள் ராணுவ வீரர், வெலிங்டன்)

உபாகமம் 20ஐ முழுவதும் படியுங்கள், முரண்பாடு அந்த ஒரே அத்தியாயத்துக்குள் இருக்கிறது. புது வீடு கட்டிக் குடிபுகாதவன், தோட்டம் நட்டுப் பலன் காணாதவன், நிச்சயம் ஆகி மணம் முடிக்காதவன், பயந்தவன் நால்வரும் வீட்டுக்குப் போகலாம். முற்றுகையில் பழமரங்களை வெட்டக் கூடாது. நடுவில், இஸ்ரேலியர் கைப்பற்றப் போன நாட்டின் கானானியர் ஊர்களில் யாரையும் விடாதே. மரத்துக்குக் கிடைத்த இரக்கம் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

தெய்வத்துக்கு நேர்ந்து ஊரையே அழிப்பது இஸ்ரேலின் தனிப்பழக்கம் இல்லை. கி.மு. 840 வாக்கில் இஸ்ரேலின் அண்டை நாடான மோவாபின் மன்னன் மேஷா நிறுத்திய கல்வெட்டு 1868இல் வெளிச்சத்துக்கு வந்தது, இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேபோ என்ற இஸ்ரேலிய ஊரைப் பிடித்து ஏழாயிரம் பேரைக் கொன்று தன் தெய்வம் கேமோசுக்கு அர்ப்பணித்ததாக அதில் பெருமை பேசுகிறான். ஆக, இந்த விஷயத்தில் வேதம் தன் காலத்தோடு தோளோடு தோள் நிற்கிறது. யோசுவா சொல்கிற அளவில் படையெடுப்பு நடந்ததா என்பதை அகழாய்வாளர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். கட்டளையின் தன்மை அதனால் மாறாது.

இதற்கு எதிர்க்குரலும் அதே தொகுதியில் உண்டு. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் ஆமோஸ், அயல்நாடுகளின் போர்க்குற்றங்களைப் பட்டியல் போடுகிறார். ஏதோம் ராஜாவின் எலும்புகளை எரித்ததற்காக மோவாபைக் கண்டிக்கிறார் (2:1). எரித்தவனும் எரிக்கப்பட்டவனும் இஸ்ரேலியர் இல்லை. தன் ஆளுக்கு நேராத கொடுமைக்கும் தன் கடவுள் கணக்குக் கேட்பார் என்ற அந்த வசனத்தை, இந்தக் கேள்விக்கு நாங்கள் படித்தவற்றில் மிக முன்னே நிற்பது என்போம்.

அடங்காத மகனைக் கல்லெறியும் சட்டம் எத்தனை முறை நிறைவேற்றப்பட்டது?
(பெயர் வேண்டாம், உதகை)

உபாகமம் 21:18–21 தகப்பனும் தாயும் சேர்ந்து மூப்பரிடம் கொண்டுபோக வேண்டும் என்கிறது. தகப்பன் தனியாக, வீட்டுக்குள், கோபத்தில் செய்ய முடியாது. வேதத்தில் நிறைவேறியதாக ஒரு நிகழ்வும் இல்லை. மிஷ்னா அதற்கு மேலும் பூட்டுப் போட்டது: வயது வரம்பு குறுகியது, தின்ற இறைச்சிக்கும் குடித்த மதுவுக்கும் அளவு, பெற்றோரில் ஒருவர் முடவராகவோ குருடராகவோ செவிடராகவோ ஊமையாகவோ இருந்தால் வழக்கே தள்ளுபடி. அப்படி ஒரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்கிறது மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத். 'நான் பார்த்திருக்கிறேன், அவன் கல்லறை மேல் உட்கார்ந்திருக்கிறேன்' என்று ரபி யோனத்தான் அங்கேயே மறுக்கிறார்.

எங்கள் வாசகர் வட்டத்தில் இதை ஒழுங்காகப் படிக்க என்ன முறை?
(கோத்தகிரி)

ஒரு அமர்வுக்கு ஒரே வழக்கு. பலகையில் நான்கு பத்தி போடுங்கள்: யார் செய்தார், யாருக்குச் செய்தார், தண்டனை என்ன, பணம் யார் கைக்குப் போகிறது. கடைசிப் பத்தியை விடாதீர்கள், பாதி உண்மை அதில்தான் வெளிப்படும். முதலில் ஹமுராபியின் விதி, பிறகு யாத்திராகமம், பிறகு அதே பொருளில் உபாகமம், கடைசியில் மிஷ்னா. யாத்திராகமத்துக்கும் உபாகமத்துக்கும் நடுவிலேயே மாற்றம் இருக்கும். உதாரணமாக ஆறு ஆண்டு விடுதலை முதலாவதில் ஆணுக்கு, இரண்டாவதில் பெண்ணுக்கும் சேர்த்து.

தொடங்க ஏற்றவை முட்டும் மாடும் திருட்டும். திருட்டில் ஹமுராபி மரண தண்டனை வரை போகிறார். யாத்திராகமம் 22 களவாண்டு விற்ற மாட்டுக்கு ஐந்து, ஆட்டுக்கு நான்கு, உயிரோடு கையில் அகப்பட்டால் இரண்டு என்று நிறுத்திக்கொள்கிறது. கட்ட வழியில்லாதவன் விற்கப்படுவான் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

பெரும்பாலும் சொதப்புவது மூன்று இடங்களில். ஒரு பக்கத்தின் சிறந்த வசனத்தை மறு பக்கத்தின் மோசமான விதியோடு ஜோடி சேர்ப்பது. விதவை, அனாதை பற்றிய அக்கறையை வேதத்தின் தனிச்சிறப்பாகச் சொல்வது: வலியவன் எளியவனை ஒடுக்காதிருக்க, விதவைக்கும் அனாதைக்கும் நியாயம் கிடைக்க என்று ஹமுராபியும், அவருக்கு முன்னே ஊர்-நம்முவும் கல்லிலும் களிமண்ணிலும் எழுதிவிட்டார்கள். மூன்றாவது, எழுதிய சட்டத்தை நடந்த வாழ்க்கையாக நம்புவது. பாபிலோனில் கிடைத்த ஏராளமான வழக்குப் பலகைகளில் ஹமுராபி சட்டத்தை எடுத்துக்காட்டித் தீர்ப்புச் சொன்னதாகக் காண்பது மிக அரிது.

இரண்டு சாட்சி விதிக்கு (உபாகமம் 19:15) ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். ஒரே பொற்கொல்லன் வாக்கில் உயிர் போன கோவலனை யாராவது நினைவுபடுத்துவார்கள், படுத்தட்டும். உடனே 1 இராஜாக்கள் 21ஐத் திறந்து, நாபோத்தைக் கொல்ல விதிப்படியே இரண்டு பொய்ச்சாட்சி ஏற்பாடு செய்ததைக் காட்டுங்கள். பிறகு சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்க மிஷ்னா வகுத்த ஏழு கேள்விகள்: எந்த ஏழாண்டுச் சுற்று, அதில் எந்த ஆண்டு, எந்த மாதம், என்ன தேதி, என்ன கிழமை, எத்தனை மணி, எந்த இடம். இரண்டு உறுப்பினரைச் சாட்சியாக்கி ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு இந்த ஏழையும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மணியில் மாட்டிக்கொள்வார்கள்.